ரத்தம் வராத அலகு

ஜனவரி 6, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னது பிரஷரை மட்டும்தான். காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. மருந்துக் கடைக்காரர் சும்மா கொடுத்த டைரி இத்தனை பெரிதாக இருந்தால் இரண்டு எண்ணை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை என்ன செய்வது? ஜாக்கெட் அளவு குறிக்கலாம் என்றால் தலையில் தேதி போட்டிருக்கிறது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

நேற்றுத்தான் இவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்திரண்டு வயது. பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. சர்க்கரை கிடையாது. கொழுப்புகூட அளவாகத்தான் இருக்கிறதாம். பின்னே மாரடைப்பு எதற்கு வந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். இதயத்தில் அடைத்த குழாயில் ஸ்டென்ட் என்று ஒரு வலைக்கம்பி வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை ஒரு கூடை. அதில் இரண்டு மட்டும் தனி. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க. டாக்டர் எஸ்தர் சின்ன வயசுப் பெண்தான், ஆனால் பேச்சில் ஒரு கண்டிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மத்த மாத்திரைய மறந்தீங்கன்னா திட்டுவேன், அவ்வளவுதான். இந்த ரெண்டையும் ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. விட்டா ஸ்டென்ட் அடைச்சுக்கும். மறுபடி கூட்டிட்டு வர நேரம் இருக்கும்னு சொல்ல முடியாது."

நான் ஏன் மறக்கிறேன்? முப்பது வருஷமாக இந்த மனுஷனுக்குச் சாவி எங்கே, சீப்பு எங்கே, செருப்பு எங்கே என்று நான்தானே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரஷர் 130/86.

ஜனவரி 7, செவ்வாய்

உப்பில்லாத ரசம். "பேசாம ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாம்" என்கிறார். பேச்சு வந்துவிட்டது, பிழைத்துக்கொள்வார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இவருடைய அக்கா பழனாத்தாள் தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தார். இரண்டு வீதி தள்ளித்தான் வீடு. நெய் மிதந்தது.

"அண்ணி, நெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"பொங்கல்ல நெய் போடாம வெளக்கெண்ணெயா ஊத்துவாங்க? ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது, நீ வாய மூடு."

இவர் பாதி போசியைக் காலி செய்தார். பழனாத்தாளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர் இந்த ஊரில் பிறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"ஏந் தம்பி, பங்குனி உத்திரத்துக்கு அலகு உண்டுதானே?"

"பாக்கலாங்க்கா" என்றார் இவர். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

ஜனவரி 27, திங்கள்

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே ஒரு டிவி. அதில் சமையல் நிகழ்ச்சி. இதய நோய் ஆஸ்பத்திரியில் முந்திரி வறுக்கிறார்கள்!

ரத்தப் பரிசோதனையில் ஏதோ சி.ஆர்.பி. என்று ஒன்று தூக்கலாக இருந்ததாம். டாக்டர் எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு இவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். இவருக்கு அது பிடிக்காது. வருஷம் முழுக்க முழுக்கைச் சட்டைதான். முழங்கை, முதுகு, இடுப்பு எல்லாம் சிவந்து திட்டுத் திட்டாக, வெள்ளைச் செதிலாக உதிரும். சோரியாசிஸ். பதினைந்து வருஷமாக இருக்கிறது. தொட்டால் ஒட்டாது என்று தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தும், கம்பெனியில் இவர் டம்ளரில் இன்னும் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

"இதுக்கு மருந்து சாப்பிடறீங்களா?"

"விட்டுட்டனுங்க. முருகன்கிட்ட ஒப்படைச்சாச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சர்க்கரை இல்ல, புகை இல்ல, பின்ன ஏன்னு கேட்டீங்களேம்மா. இதுதான் ஒரு காரணம். தோல் மேல தெரியறது ஒரு அழற்சி. உடம்புக்குள்ள நெருப்பு கனன்றுட்டே இருக்கற மாதிரி. அது தோலோட நிக்காது. ரத்தக் குழாயோட உள்சுவரையும் புண்ணாக்கும். புண்ணான இடத்துக்குத் தட்டணுக்கள் ஓடி வரும். பிளேட்லெட்."

எனக்குத் தெரிந்த வார்த்தை வந்ததும் விடுவேனா! "டெங்குல குறையுமே, அதுதானுங்களே? அது நெறைய இருந்தா நல்லதுங்களே டாக்டர்?"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. ஆனா இவருக்கு அது சும்மா இருக்கறதில்ல. ரோட்டுல ஒரு ஆக்சிடன்ட். ஒதவி செய்யத்தான் எல்லாரும் வண்டிய நிறுத்தறாங்க. நிறுத்தி நிறுத்தி ரோடே அடைச்சுப்போச்சுன்னா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? தட்டணு பண்றது அதுதான். கெட்டது இல்ல. கையில வெட்டுப்பட்டா ரத்தத்த நிறுத்தறதே அதுதான். ஆனா இதயக் குழாயில அது கூட்டம் போட்டா ஆளு போயிடுவாரு. அந்த ரெண்டு மாத்திரையும் கூட்டம் போட விடாது."

நன்றாகப் புரிந்தது. நான் படித்த காலத்தில் இப்படி ஒரு டீச்சர் இருந்திருந்தால் எட்டாவதோடு நின்றிருக்க மாட்டேன்.

அப்புறம் டாக்டர் இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் காசு அளவுக்கு ஒரு திட்டு இருக்கிறது. "மூஞ்சியில வேற எங்கயும் இல்ல. இங்க மட்டும் எப்படி? இந்த நோய்க்குக் காயம் பட்ட இடத்துலதான் புதுசா வரும்."

"ஷேவிங்ல கீறிடுச்சுங்க" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

தோல் மருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். சீட்டு இவர் சட்டைப் பையில் இருந்தது. அப்படியே துவைக்கப் போட்டுவிடுவேன் என்று பயந்து எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சை வேட்டியும் கையில் டார்ச்சுமாக மெயின் ரோட்டை நிறைத்துக்கொண்டு போனார்கள். இவர் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே ஷேவ் செய்திருக்கிறார். தாடையில் ஒரு கீறல். சின்னக் கீறல். அரை மணி நேரமாக ரத்தம் நிற்கவில்லை. படிகாரம் வைத்தேன், மஞ்சள் வைத்தேன், துண்டு முழுக்கச் சிவப்பு.

"மாத்திர வேலை செய்யுதுங்க, அதான்" என்றேன்.

இவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் இந்தப் பாழாய்ப்போன பக்கம் இன்னும் பாதி இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

நேற்று விட்டதை எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவருக்குப் படை முகத்துக்கு ஏறியது. புருவம், மூக்கு, நெற்றி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலை எழுந்து போகும். அப்போது வேண்டிக்கொண்டார்: முகத்தை மட்டும் விட்டுவிடு முருகா, வருஷா வருஷம் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறேன் என்று. முகம் தெளிந்தது. அதிலிருந்து ஒரு வருஷமும் தவறவில்லை. இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வரும் வேல். குத்தின இடத்தில் மட்டும் திட்டு வரும். முருகன் போட்ட முத்திரை என்பார் இவர்.

எங்கள் வீதிக் கோயிலில் அலகு குத்தினால் ரத்தம் வராது. விபூதியை வைத்து அழுத்தி ஒரே இழுப்பு. வரக் கூடாது. வந்தால் விரதத்தில் குறை என்று அர்த்தம். குறை என்றால் யார் குறை? குத்திக்கொள்கிறவனைப் பார்க்க மாட்டார்கள். அவன் பெண்டாட்டியைப் பார்ப்பார்கள்.

போன வருஷம் வந்தது. தாடை வழியாக நெஞ்சுக்கு இறங்கி வேட்டியில் சொட்டியது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். பழனாத்தாள் கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். "சாந்தாமணி, ஊட்டுல தீட்டு கீட்டு ஒண்ணும் இல்லியே?"

நான் சுத்தமாகத்தான் இருந்தேன். குலசாமி மேல் சத்தியமாக இருந்தேன். அதை எப்படி நிரூபிப்பது? ஊர் முன்னால் எதைக் காட்டுவது? அதற்கப்புறம் மூன்று மாதம் கோயில் பக்கம் போகவில்லை. ஜாக்கெட் தைக்க வந்த இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறுதல்.

மாத்திரை சாப்பிடாத போதே அவ்வளவு ரத்தம்.

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரி. பிரஷர் நன்றாக இருக்கிறது. டாக்டர் எஸ்தர் "வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்று கேட்டார். அலகைப் பற்றி இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சொன்னபிறகு குத்திக்கொண்டால் அது டாக்டர் பேச்சை மீறியதாகிவிடும். கேட்காமல் இருந்தால் மீறியது இல்லை. ஆட்டோவில் வரும்போது இதை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இவர் கம்பெனியில் டெய்லர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவருக்கும் நெஞ்சு மாத்திரைதானாம். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரே அஞ்சு நாள் நிறுத்தச் சொன்னாராம். இவர் சாப்பிடும்போது சும்மா சொல்கிற மாதிரி சொன்னார்.

"டாக்டருங்களே நிறுத்தறாங்க பாரு."

"அவருக்கு எந்த மாத்திரையோ, எத்தன வருசமாச்சோ. குழம்பு ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

மார்ச் 29, சனி

குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆச்சு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதில் இடுப்புப் போச்சு. மகள் நித்யா ஓசூரிலிருந்து போன் செய்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். "அப்பா மாத்திர கரெக்டா போடறாரா?" "போடறாரு." அப்போது அது உண்மை.

ஏப்ரல் 4, வெள்ளி

கோயிலில் காப்புக் கட்டினார்கள். இவர் கையிலும் மஞ்சள் கயிறு. இன்று முதல் ஒருவேளைச் சாப்பாடு, முன்னறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அலகு முடிகிறவரை நான் தொடக் கூடாது, பக்கத்தில் போகக் கூடாது.

"மாத்திர டப்பாவ இங்க வெச்சுரு. நானே எடுத்துக்கறன். நீ தொட்டுக் குடுக்க வேண்டாம்."

மூன்று மாதமாக உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். டப்பாவை முன்னறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். காப்புக் கட்டினவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துவிட்டு முன்னறை அலமாரியைத் துடைத்தேன். தூசி ஏதும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண ஜாக்கெட் ஆறு, கொக்கி வைக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். "மணி, இங்க பாரு." ஷேவ் செய்திருந்தார். தாடையில் ஒரு கீறல். "கீறுன ஒடனே நின்னுபோச்சு பாத்தியா?"

முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளைக்கு இருக்கிற சந்தோஷம்.

"நல்லதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். என்ன நல்லது, எதற்கு நல்லது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. ஒரு ஜாக்கெட்டில் கழுத்தை முன்பின்னாக வெட்டித் தொலைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். முதலில் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் "அப்பாயின்ட்மென்ட்டுங்களா?" என்று கேட்டாள். "டாக்டரம்மாகிட்டப் பேசோணும்" என்றேன். "எதப் பத்திங்க?" எதைப் பற்றி என்று சொல்வேன்? முன்னறையில் இவர் கந்த சஷ்டி கவசம் சொல்கிற சத்தம் கேட்டது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுவிட்டு ராங் நம்பர் என்று சொன்ன முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மனசு கேட்கவில்லை. சாயந்தரம் முன்னறை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன்.

"இந்த வருசம் காவடி மட்டும் எடுங்க. அலகு வேண்டாங்க. முருகனுக்குத் தெரியாதா உங்க ஒடம்பு?"

"முருகனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே."

"ஊரு என்னமோ பேசிட்டுப் போகுது."

"போன வருசம் உன்னய எல்லாரும் பாத்தாங்க. நான் வாயில வேலோட நின்னேன். ஒரு வார்த்த பேச முடியல. என்ற பொண்டாட்டி சுத்தமானவன்னு கத்தோணும்போல இருந்துச்சு. வாய் நெறைய இரும்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் அலகு போடாம உட்டா என்ன சொல்லுவாங்க? பயந்துட்டான், பொண்டாட்டி மேலதான் குத்தம்னு முடிவே பண்ணிருவாங்க. நாளைக்கு ஒரு சொட்டு வராது. ஒருத்தன் உன்னயப் பாக்கக் கூடாது. அடுத்த நாளே மாத்திரயப் போட்டுக்கறன்."

ஒரு வருஷமாக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாரே என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது. தொட்டு ஆறுதல் சொல்லலாம் என்றால் காப்பு. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்.

அப்புறமும் நான் எழுந்து போய் மாத்திரையை எடுத்து வாயில் திணித்திருக்கலாம். காப்பாவது மண்ணாவது என்று செய்திருக்கலாம். செய்யவில்லை. மாவு அரைக்கப் போனேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஒரு சொட்டு வரவில்லை!

வேல் இந்தப் பக்கம் நுழைந்தது, அந்தப் பக்கம் வந்தது. விபூதி விபூதியாகவே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். "அரோகரா" என்று கூட்டம் கத்தினதைக் கேட்டுத்தான் திறந்தேன். கோயிலைச் சுற்றி வந்து வேலை எடுக்கும்போதும் ஒன்றும் இல்லை. பூசாரி கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் காட்டினார்.

பழனாத்தாள் ஓடி வந்து என் நெற்றியில் விபூதி பூசினார். "என்ற தாயி, போன வருசம் வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே." கூட்டத்தில் சத்தமாகச் சொன்னார். அதைத்தான் நான் ஒரு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டேன். அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், பொய் சொல்லவில்லை. இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாது என்பதால்.

ஏப்ரல் 12, சனி

காப்பு அவிழ்த்தாகிவிட்டது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கன்னத்தில் பொருக்கு கட்டியிருக்கிறது, உள்வாய் வீங்கியிருக்கிறது. கஞ்சிதான் குடிக்கிறார்.

"இன்னிக்குப் போட்டா ஓட்டையில ரத்தம் வந்துரும். வந்தாப் பேசுவாங்க. நாளைக்கழிச்சு சித்திர ஒண்ணு, நல்ல நாளு. அன்னிக்கு ஆரம்பிச்சுக்கலாம்."

"இன்னிக்கே போடுங்க. எனக்கு யாரு பேசினாலும் கவலையில்ல."

"ரெண்டு நாளு மணி. இத்தன நாளா ஒண்ணும் ஆகலியே?"

அதுவும் சரிதானே. ஒன்றும் ஆகவில்லை. நன்றாக நடக்கிறார், சிரிக்கிறார். பதினைந்து வருஷத்தில் இத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் பல் துலக்கிக்கொண்டே உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு "மணி" என்றார். ஆம்புலன்ஸ்.

ஏப்ரல் 14, திங்கள்

ஐ.சி.யு. வாசல். சித்திரை ஒன்று. யாரோ ஒருவர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். ஸ்டென்ட் முழுக்க அடைத்துக்கொண்டதாம். மறுபடி கம்பி விட்டுத் திறந்திருக்கிறார்கள். இதயத்தின் இடது பக்கத்தில் பெரும்பகுதி செத்துப்போய்விட்டது, இரண்டு நாள் தாண்ட வேண்டும், தாண்டினாலும் பழைய ஆளாக எழுந்து நடப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். டாக்டர் எஸ்தர் பச்சைத் துணியும் தொப்பியுமாக வெளியே வந்தார். பழனாத்தாளும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"கன்னத்துல ஓட்டை இருக்கு. அலகா?"

"ஆமாங்க."

"மாத்திர நிறுத்தினாரா?"

"எல்லாம் போட்டான், போட்டான்" என்றார் பழனாத்தாள் முந்திக்கொண்டு. "அவ கையால குடுப்பா, தம்பி முழுங்குவான். ஒரு நாள் தவறினதில்லீங்க."

டாக்டர் பழனாத்தாளைப் பார்க்கவில்லை. "எனக்குச் சரியாத் தெரியணும்மா. அதப் பொறுத்துதான் மருந்து. எப்ப இருந்து?"

"காப்புக் கட்டின அன்னிக்குச் சாயந்தரத்துல இருந்துங்க. நாலாந்தேதி. ரெண்டையுமே" என்றேன்.

ஒரு யோசனையும் இல்லாமல் வந்தது. பழனாத்தாள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். போன வருஷம் பார்த்த மாதிரி இல்லை. இத்தனை சரியாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற பார்வை. வாயால் கேட்கவில்லை.

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"ஏற்கனவே அழற்சி அதிகமான உடம்பு. அதுல புதுசா ரெண்டு காயம் வேற. காயம் பட்டா தட்டணு எல்லாம் முழிச்சுக்கும். தடுக்கற மாத்திரையும் இல்ல." தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள் டாக்டர். அதனால்தான் கேட்கவில்லை.

நித்யா வந்துவிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் உள்ளே கூப்பிட்டார்கள். ஒருவருக்குத்தான் அனுமதி. பழனாத்தாள் எழுந்தார், அப்புறம் அவராகவே உட்கார்ந்துகொண்டு "நீ போ தாயி" என்றார்.

இவர் கையில் இரண்டு பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டணு கூட்டம் போடாமல் இருக்க ரொம்பக் கடுமையான மருந்தாம். இரண்டு கன்னத்திலும் பொருக்கு விட்டுவிட்டது. ரத்தம் தாடை வழியாக இறங்கித் தலையணை உறையில் பரவியிருந்தது. வாய் ஓரத்திலும் ஒழுகியது. நான் கத்திவிட்டேன்.

டாக்டர் எஸ்தர் என் தோளைப் பிடித்தார். "இந்த மருந்துக்கு ரத்தம் வரும்மா, புதுக்காயம் இல்லையா. அதுக்காக நிறுத்த முடியாது. நிறுத்தினா உள்ள மறுபடி அடைச்சுக்கும். வெளிய வர்றத நாம அழுத்திப் பிடிச்சுக்கலாம். பயப்படாதீங்க. இது வந்துட்டு இருக்கற வரைக்கும் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நர்ஸ் கையுறை மாட்டிவிட்டு, பஞ்சுத் துணியைக் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று காட்டினாள். ஒரு கன்னத்தை அவள் பிடித்தாள், ஒரு கன்னத்தை நான். துணி நனைந்தது. இன்னொன்று. அதுவும் நனைந்தது.

இவர் கண்ணைத் திறந்தார். பேசக் கூடாது, அசையக் கூடாது. என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார். முப்பது வருஷமாகப் பார்க்கிற புருவம், என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாதா? முகமெல்லாம் பயம். சாவுப் பயம் இல்லை அது.

"இல்லீங்க" என்றேன். "ஒரு சொட்டு வரலீங்க. வேர்த்திருக்கு, தொடைக்கறன். கண்ண மூடித் தூங்குங்க."

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நனைந்த துணியை இவர் பார்க்காதபடி கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை வாங்கினேன். வரட்டும் முருகா, நின்றுவிடாமல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டே, வராமல் இருக்க அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.